பிள்ளையின் இடுப்பைப் பார்க்க இரண்டு நிமிடம். அந்த நாளின் சம்பளத்தை யார் கொடுப்பது?



விந்தி நடக்கும் பிள்ளையைக் கண்டால் நம்மிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. "தலையெழுத்து" என்று ஊர் சொல்லும். "தாய்க்காரி கவனிக்கவில்லை" என்று உறவு சொல்லும். "இங்கே அதற்கெல்லாம் வசதி இல்லை" என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். மூன்றும் பொய். முதல் இரண்டும் அறியாமையில் வரும் பொய். மூன்றாவது, கணக்குப் பார்த்துச் சொல்லும் பொய். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த மூன்றாவது பொய்யை எதிர்த்து எழுதப்படுகிறது.

இதை எழுதுவது பெரியநீலாவணையிலிருந்து. இங்கே தேயிலை இல்லை. கடலும் தென்னையும் இருக்கின்றன, மேற்கே போனால் வயல், அதற்கும் அப்பால் ஹிங்குரானைக் கரும்பு. மலைத்தோட்டத்துத் தாய்க்கு ஆஸ்பத்திரி தூரம், பாதை மோசம், பஸ் இல்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் எங்கள் ஊர் மட்டக்களப்பு - கல்முனைப் பெரிய வீதியிலேயே இருக்கிறது. நிலம் மட்டம். பஸ் ஓடுகிறது. சில கிலோமீற்றர் போனால் கல்முனையில் ஒன்றல்ல, இரண்டு ஆதார வைத்தியசாலைகள். வடக்கே மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. இவ்வளவு இருந்தும் தென்னந்தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போகும் பெண், பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோவதென்றால் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஆகவே தூரம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சம்பளம். மலையிலும் கரையிலும் அது ஒன்றுதான்.

நோய் என்ன?

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம். பிறக்கும்போது இரண்டும் பெரும்பாலும் குருத்தெலும்பு, இளசு. பந்து கிண்ணத்துக்குள் சரியாக உட்கார்ந்திருந்தால் கிண்ணம் அதைச் சுற்றி ஆழமாக வளரும். பந்து விளிம்பில் நின்றாலோ வெளியே நழுவிவிட்டாலோ, கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாகவே போய்விடும். இதைத்தான் வைத்தியர்கள் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு என்கிறார்கள். ஆயிரம் பிள்ளைகளில் ஒன்று இரண்டுக்கு மூட்டு முழுதாக விலகியிருக்கும். மூட்டு தளர்வாக இருக்கும் பிள்ளைகள் இதைவிடப் பல மடங்கு.

இந்த நோயின் கொடுமை, அது வலிக்காது என்பதுதான். காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. பிள்ளை பால் குடிக்கும், சிரிக்கும், கொழுகொழு என்று வளரும். ஒரு வயது தாண்டி நடக்கத் தொடங்கும்போதுதான் ஒரு பக்கம் சாய்வது தெரியும். இரண்டு பக்கமும் விலகியிருந்தால் பிள்ளை வாத்து நடப்பதுபோல் ஆடி ஆடி நடக்கும். அதைப் பார்த்து நாமும் சிரித்திருப்போம்.

யாருக்கு அதிகம் வரும் என்பதும் தெரிந்த விடயம். ஆண்பிள்ளையைவிடப் பெண்பிள்ளைக்கு நான்கைந்து மடங்கு அதிகம். வயிற்றில் தலை மேலாக, பிட்டம் கீழாக இருந்த பிள்ளைக்கு அதிகம். முதற்பிள்ளைக்கு அதிகம். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்திருந்தால் அதிகம். இவை எல்லாமே பிரசவ விடுதியில் தாயிடம் கேட்டு எழுதக்கூடியவை. எந்த இயந்திரமும் தேவையில்லை.

இரண்டு கை போதும்

இத்தாலியில் பெராரா நகரத்துக் குழந்தை வைத்தியர் மரினோ ஒர்தொலானி 1937இல் ஒரு பரிசோதனையை எழுதி வெளியிட்டார். அவருக்கு அதைக் காட்டிக் கொடுத்தது ஒரு தாய். பிள்ளையைக் கழுவும்போது தொடையை விரித்தால் உள்ளே ஏதோ 'க்ளிக்' என்கிறது என்று அந்தத் தாய் வந்து சொன்னாள். வைத்தியர் அதைக் கேட்டார். அதன்பிறகு இங்கிலாந்தின் மன்செஸ்டர் பக்கத்தில் பார்லோ என்ற வைத்தியர் 1962இல் இன்னொரு பரிசோதனையைச் சேர்த்தார். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையை மெதுவாக விரித்து, விரலால் உணர்ந்து பார்ப்பது. நழுவிய பந்து உள்ளே போகிறதா, உள்ளே இருக்கும் பந்து வெளியே நழுவுகிறதா என்று கைக்குத் தெரியும். மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். பழகிய இரண்டு கையும் அழாத ஒரு பிள்ளையும் இரண்டு நிமிடமும் வேண்டும்.

இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்யவேண்டும். வீட்டில் நாம் பிள்ளையின் காலைத் திருகிப் பார்க்கக்கூடாது. நாம் செய்யக்கூடியது கண்ணால் பார்ப்பது. துணி மாற்றும்போது இரண்டு தொடையும் ஒரே அளவு விரிகிறதா? மல்லாக்கப் படுக்கவைத்து முழங்கால்களை மடக்கினால் இரண்டு முழங்காலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? ஒரு கால் கட்டையாகத் தெரிகிறதா? தொடை மடிப்பு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லாவிட்டால் அது மட்டும் நோய் என்று அர்த்தமல்ல, ஆனால் காட்டவேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகு முக்கிய அடையாளம், ஒரு கால் மற்றதைப்போல் விரியாமல் இறுகி நிற்பது.

பார்லோ கண்ட கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த 60 பிள்ளைகளில் ஒன்றுக்கு மூட்டு தளர்வாக இருந்தது. அவற்றில் நூற்றுக்கு 60க்கு மேல் முதற் கிழமையிலேயே தானாக இறுகின. இரண்டு மாதத்துக்குள் 88 சரியாகின. ஆகவே பிறந்த அன்று "தளர்வு" என்றால் பயந்து ஓடவேண்டியதில்லை. தானாகச் சரியாகாத அந்த மீதிப் பிள்ளைகள் யார் என்பது திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தெரியும். பிறந்த அன்று ஒருமுறை பார்த்துவிட்டு விட்டால் அவர்கள் கைநழுவிப் போவார்கள்.

ஆறு மாதம் என்ற கோடு

நேரத்தில் கண்டுபிடித்தால் வைத்தியம் என்ன? துணிப் பட்டிகள். செக் நாட்டு எலும்பு வைத்தியர் ஆர்னோல்ட் பாவ்லிக் 1940களில் உருவாக்கியது. தோளிலும் மார்பிலும் ஒரு வார், அதிலிருந்து இரண்டு காலுக்கும் பட்டி. பிள்ளையின் கால் தவளைபோல் மடங்கி விரிந்து நிற்கும். உதைக்கலாம், அசைக்கலாம். அந்த அசைவிலேயே பந்து கிண்ணத்தின் நடுவுக்கு வந்து, கிண்ணம் அதைச் சுற்றி வளரும். ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே போதும். கத்தியில்லை, மயக்க ஊசியில்லை. எங்கள் பக்கத்து மருதமுனையில் தறி நெய்கிறவர்கள் அதைப் பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். இவ்வளவுதான். ஆனால் கட்டுவதற்கு அளவு தெரிந்த ஆள் வேண்டும். தவறாக இறுக்கினால் பந்துக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு வேறு கேடு வரும்.

அந்தக் கோட்டைத் தாண்டினால்? ஆறு மாதத்துக்கு மேல் பட்டி பெரும்பாலும் பலிக்காது. மயக்கி, மூட்டை உள்ளே வைத்து, மார்பிலிருந்து கால்வரை மாக்கட்டு. ஒன்றரை வயதுக்குமேல் என்றால் பெரும்பாலும் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை, எலும்பை வெட்டித் திருப்புதல், மாதக்கணக்கில் படுக்கை. ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டால் சத்திரசிகிச்சையால் கிடைக்கும் நன்மையே குறைந்துபோகிறது. எதுவும் செய்யாமல் விட்டால் விந்தல், கட்டைக் கால், இளவயதிலேயே தேய்ந்து வலிக்கும் மூட்டு. முதுகில் கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணுக்கும், வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும், தையல் மெஷினை மிதிக்கும் பெண்ணுக்கும் அந்த வலி என்னவென்று வாசகர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆக, முதல் மாதங்களில் துணிப்பட்டியால் முடிவது, நான்கு வயதில் பெரிய சத்திரசிகிச்சை. "வசதியில்லை" என்பவர்களைக் கேட்கிறோம்: எதற்கு வசதியில்லை? மலிவானதற்கா? மலிவானதைச் செய்யாமல் விட்டு, விலை கூடியதற்குப் பிள்ளையைப் பேராதனைக்கும் கொழும்புக்கும் அனுப்புவது எந்தச் சிக்கனம்?

செக்ரோலில் விழும் கோடு

இப்போது கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். பட்டி கட்டினால் பெரும்பாலும் ஆறு கிழமை முதல் மூன்று மாதம் வரை இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். பிள்ளை வளர வளர வாரின் அளவை மாற்றவேண்டும். அதற்கு ஒரு கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிரசவ லீவு 12 கிழமை. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 12 கிழமை கிடைப்பது நாம் வரவேற்ற விடயம். ஆனால் பட்டி வேலை செய்யவேண்டிய மாதங்களின் நடுவிலேயே லீவு முடிகிறது. தாய் மலைக்குப் போகிறாள். பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறது.

பிறகு நடக்கும் உரையாடல் எல்லாத் தோட்டத்துக்கும் தெரிந்ததே.

"ஐயா, நாளைக்குப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"போன கிழமையும் போனதானே? பேர் இல்லாமப் போகும், பார்த்துக்க."

அவள் ஒருமுறை போவாள், இருமுறை போவாள். மூன்றாம் முறை, "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று பட்டி பெட்டிக்குள் போகும். கோப்பில் "தாய் வரவில்லை" என்று ஒரு வரி விழும். அந்த வரியை எழுதியவருக்கு, செக்ரோலில் விழுந்த மற்றக் கோடு தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பிள்ளையின் கால் ஏன் கட்டையானது என்று விளங்கும்.

மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939இலிருந்து இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை கொடுக்கவேண்டும் என்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி. பால் கொடுக்கும் நேரம் உரிமை என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோகும் நாளும் அதேபோல் உரிமையாக வேண்டும். பால் எவ்வளவு அவசியமோ, முதல் ஆறு மாதத்தில் இடுப்பும் அவ்வளவு அவசியம்.

வழி ஏற்கனவே இருக்கிறது

இந்த நாட்டில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாது வீட்டுக்கு வருவது அன்றிலிருந்து வளர்ந்த வழக்கம். தடுப்பூசிக்குப் பிள்ளைகள் 2ஆம், 4ஆம், 6ஆம் மாதங்களில் கிளினிக்குக் கட்டாயம் போகிறார்கள். லயத்துப் பிள்ளையும் போகிறது, கரையூர்ப் பிள்ளையும் போகிறது. இடுப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டிய காலமும் இதே ஆறு மாதம்தான். பிள்ளை அங்கே மேசையில் கிடக்கிறது, துணி அவிழ்த்திருக்கிறது. தொடையை விரித்துப் பார்க்க இன்னும் இரண்டு நிமிடம். புதிய கட்டடம் தேவையில்லை, புதிய திணைக்களம் தேவையில்லை. இந்தியாவில் குழந்தை வைத்தியர்களும் குழந்தை எலும்பு வைத்தியர்களும் சேர்ந்து வகுத்த திட்டமும் தடுப்பூசி நாட்களில் இடுப்பைப் பார்க்கும் இதே வழிதான்.

ஸ்கேன் இல்லை என்பார்கள். ஸ்கேன் நல்லது, ஆஸ்திரியாவில் கிராப் என்பவர் 1980இல் அதைக் கொண்டுவந்தார். ஆனால் நான்கு மாதத்துக்குப் பிறகு சாதாரண எக்ஸ்ரேயிலேயே பார்க்க முடியும். எக்ஸ்ரே நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதல்ல. சந்தேகம் உள்ள பிள்ளைக்கும், பிட்டம் கீழாகப் பிறந்த பிள்ளைக்கும் ஒரு எக்ஸ்ரே எடுப்பது இந்த நாட்டின் சக்திக்கு மீறியது என்று சொல்பவர் முன்னால் வந்து சொல்லட்டும்.

தாயைக் குறைசொல்ல வேண்டாம்

வளர்ப்பு முறைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அதைத் தாயை அடிக்கும் பிரம்பாக்கக் கூடாது. ஜப்பானில் ஒருகாலத்தில் நூறு பிள்ளைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்த நோய் இருந்தது. பிள்ளையின் காலை நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கமே காரணம் என்று கண்டு, 1970களில் நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். நோய் நூற்றுக்கு 0.2க்கும் கீழே இறங்கியது. யாரும் தாய்மாரைத் திட்டி இதைச் சாதிக்கவில்லை. சொல்லிக் கொடுத்துச் சாதித்தார்கள்.

நமக்கு இதில் ஒரு பாடமும் ஒரு பெருமையும் உண்டு. பாடம்: மலைக்குளிரில் பிள்ளையைச் சுற்றும்போது மேலுடம்பைச் சுற்றுங்கள், கால் மடங்கி விரிய இடம் விடுங்கள். குளிக்க வார்க்கும்போது காலை நீட்டி இழுத்து நீவ வேண்டாம். ஏணையில் போட்டாலும் காலைச் சேர்த்துக் கட்டவேண்டாம். பெருமை: நம் பாட்டிமார் பிள்ளையை இடுப்பில் இருத்தித் தூக்குவார்களே, இரண்டு தொடையும் விரிந்து தாயின் இடுப்பைக் கவ்வியிருக்கும் அந்த நிலை, பட்டி எந்த நிலையில் காலை வைக்கிறதோ ஏறக்குறைய அதேதான். நோய் வந்த மூட்டை அது குணப்படுத்தாது. ஆனால் வளரும் மூட்டுக்கு நல்லது. அதை விடவேண்டாம்.

வேறு மூன்று ஆபத்து

இடுப்பு என்றால் கைக்குழந்தை மட்டுமல்ல. இந்த மூன்றையும் ஒவ்வொரு வீடும் தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சலோடு ஒரு காலை அசைக்காமல் வைத்து, தொட்டால் வீறிட்டு அழும் பிள்ளை: மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். நாளைக்கு என்று தள்ளக்கூடாது. எண்ணெய் போட்டு நீவக்கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரி. சில நாள் தாமதம் மூட்டையே தின்றுவிடும்.

நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளை, அதிலும் ஆண்பிள்ளை, விழாமல் அடிபடாமல் கிழமைக்கணக்கில் விந்தினால்: பந்துக்கு இரத்தம் குறைந்து எலும்பு நொறுங்கும் பேர்த்தஸ் என்ற நோயாக இருக்கலாம்.

பத்து வயதுக்கு மேல், உடல் பருத்த பிள்ளை, தொடையிலோ முழங்காலிலோ வலி என்று விந்தினால்: பந்து அதன் கழுத்திலிருந்து நழுவிக்கொண்டிருக்கலாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

ஒரு வரியில் நினைவில் வையுங்கள்: முழங்கால் வலி என்று வரும் பிள்ளையின் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால், "இடுப்பையும் ஒருக்கால் பாருங்கள் டொக்டர்" என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல.

நம் பக்கம் திரும்பி ஒரு கேள்வி

கம்பெனியையும் அரசாங்கத்தையும் கேட்டோம். சங்கங்களையும் கேட்போம். 1000 ரூபாவுக்கு வருடக்கணக்கில் போராடி 2021இல் பெற்றோம். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 என்றானது. அந்தப் போராட்டம் நியாயம். ஆனால் அத்தனை பேச்சுவார்த்தை மேசைகளில் பிள்ளையின் கிளினிக் நாள் எத்தனை முறை பேசப்பட்டது? 2016 ஒப்பந்தத்தில் வருகைக் கொடுப்பனவு என்று 60 ரூபாவைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். வேலைக்கு வராத நாளைத் தண்டிக்கும் அந்த ஏற்பாட்டை அன்று ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டவர்கள், அந்த வராத நாட்களில் தாய் எங்கே போனாள் என்று கேட்டார்களா?

எங்கள் கரையிலும் கேள்வி உண்டு. பிரதேச எல்லை எங்கே என்று கல்முனையில் ஊரே கூடி நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இடுப்பு மூட்டு ஒரேமாதிரித்தான் நழுவுகிறது. அதற்காகவும் ஒருநாள் சேர்ந்து நிற்கலாம்.

நாம் கேட்பவை

ஒன்று: பிறந்தவுடனும், 2, 4, 6ஆம் மாதத் தடுப்பூசி நாட்களிலும் இடுப்பைப் பார்த்து, பார்த்தவர் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு: பிட்டம் கீழாகப் பிறந்த பிள்ளைக்கும் குடும்பத்தில் இந்நோய் உள்ள பிள்ளைக்கும் ஸ்கேனோ எக்ஸ்ரேயோ கட்டாயம் எடுக்கவேண்டும்.

மூன்று: ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கிளினிக் நாளுக்கும், பட்டியோ மாக்கட்டோ போட்ட பிள்ளையின் ஒவ்வொரு ஆஸ்பத்திரி நாளுக்கும் முழுப்பேர். துண்டைக் காட்டினால் சம்பளம். தேயிலைக்கு மட்டுமல்ல, இறப்பருக்கும் தென்னைக்கும் கரும்புக்கும்.

நான்கு: பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர்களுக்குப் பட்டி போட்ட பிள்ளையைத் தூக்க, துணி மாற்றப் பயிற்சி.

ஐந்து: நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கும் தாய்க்கும் தோட்டத்து வாகனம், அல்லது பயணச் செலவு.

இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்றாவது கோரிக்கையைத் தீர்மானமாக எழுதித் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். அதுவரை, கைப்பிள்ளை உள்ள ஒவ்வொரு தாயும் அடுத்த தடுப்பூசி நாளில் ஒரேயொரு வசனம் சொல்லுங்கள்: "மிஸ், பிள்ளையின் இடுப்பையும் பார்த்து எழுதுங்கள்."

ஒருத்தி கேட்டால் அது வேண்டுகோள். லயம் முழுக்கக் கேட்டால் அது வழக்கமாகும்.

பெரியநீலாவணைத் தோழர் ஒருவர்